ஒன்பது ராத்திரி கழிந்தால்

சென்ற அக்டோபரில் ஈப்போவிலிருந்து நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஆர்க்கிட் வளர்த்து விற்பவர். ஒரு பூவைக் கண்டால் அது எத்தனை நாள் நிற்கும், எத்தனை வெள்ளிக்குப் போகும் என்று நொடியில் சொல்லிவிடுவார். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம், நிழல்வலையின் கீழ் நான் வைத்திருக்கும் டென்ட்ரோபியம், வேண்டா, மொக்காரா ஆர்க்கிட் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு மூன்று வேர்களை விரலால் நிமிண்டினார். ஒரு தொட்டியில் தேங்காய் மட்டை மக்கிப் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்றார். கடைசியாக மாமரத்தடிக்கு வந்து நின்றார். அடிமரத்திலிருந்து முதல் கவை வரைக்கும் புறா ஆர்க்கிட் படர்ந்திருந்தது. அன்றைக்கு அதில் ஒரு பூவும் இல்லை. இலை பாதி உதிர்ந்த மெலிந்த தண்டுகள் மட்டும் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தவர், "அண்ணே, ஒரு நாள் பூவுக்கு ஒரு மாமரத்தையே ஒதுக்கிட்டீங்களே! நல்ல வேண்டாவா இருபது கூடை தொங்கவிடலாம் இந்த மரத்துல" என்றார்.

அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. இடத்தின் அருமை தெரிந்தவர், என் நன்மையை நினைத்துச் சொன்னார். நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு அவர் புறப்பட்ட பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. அதே கேள்வியை, அதைவிடக் கடுமையான வார்த்தைகளில், அதே மரத்தடியில் நின்று ஒருமுறை என் அம்மாவிடம் நான் கேட்டிருக்கிறேன் என்பதே அதற்குக் காரணம். நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இத்தனை மாதம் கழித்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மலேசியாவில் வாழ்கிறவர்களுக்குப் புறா ஆர்க்கிட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலாய்க்காரர்கள் அங்கெரிக் மெர்ப்பாத்தி என்பார்கள். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களில், பள்ளிக்கூடத்து அங்சானா மரங்களில், கைவிடப்பட்ட ரப்பர்க் காடுகளில் அது யாரும் நடாமலே வளர்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த வெண்புறா போலிருக்கும். நடுவில் மஞ்சள் தீற்றல். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1799இல் அதற்கு டென்ட்ரோபியம் குருமெனாட்டம் என்று பெயரிட்டார். டென்ட்ரோபியம் என்றால் மரத்தில் வாழ்வது. குருமெனாட்டம் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் காசு முடிந்துவைக்கும் பையைக் குறிப்பது. பூவின் பின்புறம் சிறு பைபோல் புடைத்திருப்பதால் அந்தப் பெயர். முந்தானையில் காசு முடிந்து வாழ்ந்த பெண்களின் கண்ணெதிரே இந்தப் பூ இத்தனை காலம் பூத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும்.

பலர் இதைப் புல்லுருவி என்று நினைத்துச் சுரண்டி எறிகிறார்கள். அது தவறு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரப்பட்டையின் மேல் பற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதன் வேரைச் சுற்றி வெண்மையான, பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழைநீரையும் பட்டையில் வழிந்துவரும் சத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. மரம் கொடுப்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. இதைச் சொன்னால் சில நண்பர்கள் உடனே இந்த நாட்டில் நம் நிலையோடு அதை ஒப்பிட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த ஒப்புமையில் விருப்பமில்லை. நாம் நிற்க இடம் கேட்டு வந்தவர்கள் அல்லர். காட்டை அழித்து மரத்தை நட்டவர்கள். செடியையும் நம் கதைக்கு உவமையாக்காமல் செடியாகவே பார்க்கலாம். அதற்கு அந்தத் தகுதி இருக்கிறது.

மாமரத்தின் மறுபக்கம்

அம்மா பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, பிறகு நிலம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, 2004இல், அவரை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அழைத்து வந்தேன். வீட்டுச் சாமான்கள் லாரியில் வந்தன. ஒரு பழைய பால் வாளியை மட்டும் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய புறா ஆர்க்கிட் இருந்தது. காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்திலிருந்து எடுத்தது. அந்த மரம் அடுத்த ஆண்டே வெட்டப்பட்டுவிட்டது. கொண்டுவந்த செடியை அம்மா எங்கள் மாமரத்தில் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டிவிட்டார். நான் அப்போது பினாங்கில் வேலையில் இருந்ததால், வார இறுதியில் வந்துபோகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

2012இல் ஓய்வு பெற்றேன். ஆர்க்கிட் மீது ஆசை வந்தது. ஆசை என்பதைவிடப் பேராசை என்பது சரியாக இருக்கும். நூல்களை வாங்கிப் படித்தேன், கண்காட்சிகளுக்குப் போனேன், கலப்பினங்களின் நீண்ட பெயர்களை மனப்பாடம் செய்தேன். மாமரத்தில் வேண்டாக் கூடைகளைத் தொங்கவிட வேண்டுமென்று புறா ஆர்க்கிட்டைச் சுரண்டி எடுக்கத் தொடங்கியபோது அம்மா வந்து தடுத்தார். அப்போதுதான் அதைச் சொன்னேன்: "ஒரே ஒரு நாள் பூத்துட்டு வாடிப்போற களைக்கு எதுக்கும்மா இவ்வளவு இடம்? உங்களுக்குப் பூவு வேணும்னா மூணு மாசம் நிக்கிற பூவு நான் வாங்கித் தர்றேன்." அம்மா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மனம் கேட்காமல் ஒரே ஒரு கொத்தை மட்டும் கரியும் செங்கல் துண்டும் போட்ட தொட்டியில் வைத்து, மற்றச் செடிகளோடு நிழல்வலைக்குள் சேர்த்து, வாராவாரம் உரமும் தெளித்தேன். அது பச்சைப் பசேலென்று இலை விட்டது. இரண்டு ஆண்டுகளில் ஒரு பூ கூடப் பூக்கவில்லை.

2014 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஈயம் உருகி ஓடுவதுபோல் வெயில் அடித்த நாள். நான்கு மணிக்கு மலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு, ஐந்து மணிக்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. எதிர்வீடு தெரியவில்லை. அம்மா பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று சில்லென்று மாறியதும் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல், "அடுத்த வியாழக்கிழமை காலையில புறாப்பூ பூக்கும்" என்றார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வயதானவர்கள் சொல்லும் பல பேச்சுகளில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். வெளியே இன்னும் இருட்டு. பின்கதவைத் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது. மல்லிகையைப்போல் நெருங்கி வந்து கனக்கிற வாசனை இல்லை. மெல்லிதாக, இனிப்பாக, ஈரத்தோடு கலந்து எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் சுற்றி நிற்கிற வாசனை. அம்மா என் கையைப் பிடித்து மாமரத்தின் மறுபக்கத்துக்கு அழைத்துப் போனார். அவர் படுக்கும் அறையின் சன்னலைப் பார்த்திருக்கும் பக்கம் அது; நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. நான் சுரண்டி எறிந்த தண்டுகளைப் பொறுக்கி, அந்தப் பக்கத்தில் அவர் மீண்டும் கட்டிவைத்திருக்கிறார். அந்தத் தண்டுகள் வேர்பிடித்து, பிள்ளை ஈன்று, அன்று காலை நூற்றுக்கணக்கில் பூத்திருந்தன. கைவிளக்கின் ஒளியில் மரமே வெள்ளையாக நின்றது. என் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். இலைதான் இருந்தது.

கூலி இல்லாத நாள்

விடிந்தபிறகு அடுப்படிப் படியில் உட்கார்ந்து எப்படித் தெரியும் என்று கேட்டேன். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல் அம்மா என்னைப் பார்த்தார்.

"மழை பேஞ்சு ஒம்போது ராத்திரி கழிஞ்சா பூக்கும். நவராத்திரி மாதிரி எண்ணிக்கோ. பத்தாம் நாளு காலையில பூவு."

"எல்லா மழைக்குமா?"

"சிணுங்கல் மழைக்குப் பூக்காது. நல்லா காஞ்சு கெடக்கணும், அப்புறம் கொட்டணும், ஒடம்பு சிலிர்க்கணும். அந்த மழைக்குத்தான்."

"இத யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? மழை பேஞ்சா பட்டை நனைஞ்சுரும், பால் மங்குக்கு வராம மரமெல்லாம் வழியும். வெட்டு கெடையாது. வெட்டு இல்லன்னா கூலி இல்ல. கூலி இல்லாத நாள எவ மறப்பா? கடைக்காரருக்குச் சொல்லணும்ல, இந்த மாசம் இத்தன நாளு போச்சுன்னு. நாள் எண்ணி எண்ணிக் கெடக்கையில பெரட்டுக்குப் போனா அந்த மரம் பூத்து நிக்கும். ஒரு தடவ, ரெண்டு தடவ, பத்துத் தடவ பாத்தா தெரியாதா?"

நான் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பால்வெட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் புரியும். காலையில் பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தாலோ, மரத்தில் பால் ஏந்தும் மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலும் தண்ணீரோடு போய்விடும். ஒரு பெண் தன் வீட்டு உலை எத்தனை நாள் கொதிக்கும் என்று எண்ணிய எண்ணிக்கையிலிருந்து, ஒரு தாவரத்தின் உடற்செயல் முழுவதையும் பிழையில்லாமல் கண்டறிந்திருக்கிறார்.

ஏனென்றால் தாவரவியல் நூல்கள் சொல்வதும் அதையேதான். புறா ஆர்க்கிட்டின் மொட்டுகள் ஓரளவு வளர்ந்தவுடன் உறங்கிவிடுகின்றன. வெப்பநிலை திடீரென்று சுமார் 5.5 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ குறையும்போது அந்த உறக்கம் கலைகிறது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் மலர்கிறது. மழையின் ஈரத்தைவிடக் குளிர்ச்சியே முக்கியம். உடம்பு சிலிர்க்க வேண்டும் என்று அம்மா சொன்னது வெப்பமானி இல்லாத அளவு. ஒரு மழை பெய்த வட்டாரத்தில் இருக்கும் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூப்பதற்கும் இதுவே காரணம். ஒரு நாள் மட்டுமே விரிந்திருக்கிற பூ, தான் விரும்பிய நாளில் தனியே விரிந்தால் தேனீ மகரந்தத்தை எங்கிருந்து கொண்டுவரும், எங்கே கொண்டுபோகும்? ஊர் முழுவதும் சேர்ந்து பூத்தால்தான் அந்த ஒரு நாளில் வேலை நடக்கும். அந்த ஒரு நாள் ஒரு குறை என்று நான் நினைத்திருந்தேன். ஒன்பது நாள் ஆயத்தத்துடன், மைல் கணக்கில் ஒத்திசைந்து நடக்கிற ஒரு திருநாள் அது.

அன்று காலை மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்தேன். பழைய சாலையின் தூங்குமூஞ்சி மரங்கள், சீனர் இடுகாட்டு ஓரத்து மரங்கள், செம்பனை மரங்களின் வெட்டிய மட்டைகளுக்கிடையில் வளர்ந்திருந்தவை என்று எல்லாம் வெள்ளை. ஆனால் ஊரைத் தாண்டி லிந்தாங் பக்கம் போகப் போக, ஓரிடத்தில் பூ சட்டென்று நின்றுவிட்டது. அதற்குப் பின் செடி இருந்தது, பூ இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பக்கம் மழை எறங்கல" என்றார். ஒன்பது நாளுக்கு முன் பெய்து ஓய்ந்த மழையின் எல்லைக் கோட்டின் மேல் நான் வண்டி ஓட்டிப் போய் வந்திருக்கிறேன்.

களை என்ற பெயர்

என் சொல்லில் எனக்கு இன்றும் உறுத்துவது களை என்ற வார்த்தை. எங்களுக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் ஓர் ஆர்க்கிட் ஒரு காலத்தில் மண்டிக் கிடந்தது. இன்று அதன் தாவரவியல் பெயர் பாப்பிலியோனந்தே ஹூக்கெரியானா. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் கிந்தா களை என்பதே. வெயிலில் புதர்களைப் பற்றி ஏறி, வெளிர் ஊதா நிறத்தில் அகன்ற உதட்டோடு பூப்பது. ஈயத்துக்காகத் தோண்டப்பட்ட நிலம் அது. செடி வழியில் நின்றது, மிகுதியாகவும் இருந்தது, ஆகவே களை. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில், இந்தக் களையும் தேரஸ் என்ற இன்னோர் இனமும் சேர்ந்த ஒரு கலப்புச் செடி பூத்தது. அது தானாக நேர்ந்த கலப்பா, அவர் கையால் செய்த கலப்பா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். அவருடைய கைத்திறன் என்பதே இன்று ஏற்கப்பட்டிருக்கிறது. வேண்டா மிஸ் ஜோக்கிம் என்று 1893இல் பெயர் பெற்ற அந்தப் பூ 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. ஒரு நாட்டின் மலருக்குத் தாய்வீட்டுச் சீர் கொடுத்தது நம் பேராக்கின் களை. ஹூக்கெரியானாவைத் தேடி பத்து காஜா, கம்பார் பக்கத்து ஈயக்குட்டைகளை நான் பலமுறை சுற்றியிருக்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை.

மிஸ் ஜோக்கிமை 1893இல் முதன்முதலாக வருணித்து எழுதியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அந்தப் பெயரைப் படித்தபோது நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வட்டாரத்துக்கு அவர் புதியவர் அல்லர். பிரேசிலின் ரப்பர் விதை 1876இல் லண்டன் கியூ பூங்காவுக்குப் போய், அங்கிருந்து 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அவற்றில் 9 இங்கே கோலகங்சாரில் நடப்பட்டன. ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஆனால் மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டை நாளுக்கு நாள் மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று சோதித்துக் காட்டி, ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் வாதாடியவர் ரிட்லிதான். அந்தச் சீவலை அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். பட்டைக்கு உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் கூழ்ப்பட்டையைத் தொடாமல் உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது இன்றும் அவர் விரல்களுக்குத் தெரியும். ரப்பரையும் ஆர்க்கிட்டையும் இரண்டு வெவ்வேறு உலகங்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்று பிழைப்பு, மற்றது ஓய்வுக்காலத்து மகிழ்ச்சி. இரண்டும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன. அவர் எழுதியவற்றுக்கு நூலகம் உண்டு. அதே மரங்களின் கீழ் நின்று நாள் எண்ணியவர்கள் கண்டவற்றுக்கு அம்மாவின் நினைவு மட்டும்தான்.

ஆர்க்கிட் வரலாற்றில் இது புதிதுமில்லை. வனிலாவும் ஓர் ஆர்க்கிட்தான். மெக்சிகோவிலிருந்து அந்தக் கொடியை ரெயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் தாய்நாட்டுத் தேனீக்கள் அங்கே இல்லை. 1841இல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் மூங்கில் சீவலால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய திரையைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி வைத்துக் காட்டினான். இன்றும் உலகம் முழுவதும் வனிலாத் தோட்டங்களில் நடப்பது அந்த விரலசைவுதான். அடிமைமுறை ஒழிந்தபின் அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. அவனுடைய கண்டுபிடிப்பு தன்னுடையது என்று ஒரு தாவரவியலாளர் உரிமை கொண்டாடியதும் உண்டு. எட்மண்ட் அல்பியஸ் 1880இல் வறுமையில் இறந்தார். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் கப்பலேறிப் போனார்கள் என்பதால் இந்தக் கதை எனக்கு அயலானதாகத் தெரியவில்லை. ஒரு பூவை அன்றாடம் நெருங்கிப் பார்க்கும்படி வேலையால் கட்டப்பட்டவர்கள், அதை விரும்பி ஆராய வந்தவர்கள் காணாததைக் காண்கிறார்கள்.

விரும்பி வந்தவர்களில் சிலர் செய்ததையும் மறக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பிடித்த ஆர்க்கிட் மோகத்தில், மரத்தின் உச்சியிலிருக்கும் செடிக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். 1851இல் லண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் இரண்டு டன் எடையுள்ள புலி ஆர்க்கிட் வைக்கப்பட்டதாம். 

நிற்கும் பூவும் நிற்காத பூவும்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பேரங்காடிகளில் அடுக்கப்படும் ஃபலனாப்சிஸ் தொட்டிகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். நானும் வாங்குகிறேன், அதை வளர்த்தவரின் திறமையை மதிக்கிறேன். அந்தச் செடி பூந்தண்டு விடுவதற்கும் குளிர்ச்சி வேண்டும், அதுவும் பல வாரங்களுக்கு. நம் தாழ்நிலத்தில் அது கிடைக்காததால் குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களிலும் கேமரன் மலையிலும் பூக்க வைத்துக் கொண்டுவருகிறார்கள். விளக்கிவைத்த பாத்திரம்போல் ஒரே மாதிரி நிற்கும் அந்தப் பூவை முதல் வாரம் பார்த்து மகிழ்கிறோம். இரண்டாம் வாரம் தண்ணீர் ஊற்றும்போது பார்க்கிறோம். மூன்றாம் மாதம் எப்போது உதிர்ந்தது என்று தெரியாது. குறை பூவில் இல்லை. எப்போதும் இருப்பதை மனிதக் கண் பார்ப்பதில்லை. கோயில் மாலைகளில் வரும் ஊதா டென்ட்ரோபியமும் அப்படித்தான். வாரம் முழுவதும் வாடாது என்பதற்காகவே மல்லிகையின் இடத்துக்கு வந்தது. அம்மா அதைக் கும்பிடும்போது முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார்.

நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்: மாமரத்தை ஒரு நாள் பூவுக்கு நான் ஒதுக்கவில்லை. 2014க்குப் பிறகு என் சன்னலோரத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது, பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. மழை பெய்த நாள், பெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த வெப்பநிலை, பூத்த நாள் ஆகியவற்றை எழுதிவருகிறேன். சில பெருமழைக்கு ஒன்றிரண்டு பூதான் வரும். மொட்டு இன்னும் பக்குவப்படாதபோது குளிர்ந்திருக்கும். ஒரு நாள் தள்ளிப்போன பூப்பும் அபூர்வமாக உண்டு. ஆண்டுக்குச் சில காலைகளுக்காக ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். தொட்டிச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுவேன், உரம் வைப்பேன், ஆரஞ்சு நிற வண்டைப் பொறுக்கி நசுக்குவேன். அவை என் வேலையின் பயன். மாமரத்துச் செடிக்கு என்னால் எதுவும் கொடுக்க முடியாது. அதற்கு வேண்டியது வெயிலும் காற்றும் ஒரு சொரசொரப்பான மரமும் மட்டுமே. நான் நிழலையும் தழைச்சத்தையும் கொடுத்ததுதான் தொட்டியில் அது பூக்காததற்குக் காரணம். யாராவது வளர்க்க விரும்பினால், காய்ந்த தண்டில் முளைக்கும் சிறு கன்றை வேரோடு எடுத்து, வேர்க்கழுத்து புதையாதபடி நார்க்கயிற்றால் மரத்தோடு ஆடாமல் கட்டிவிடுங்கள். வேர்பிடிக்கும்வரை மாலையில் தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு அதை விட்டுவிட வேண்டும்.

விதையிலிருந்து வளர்க்க நான் முயன்றதில்லை. ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சிறியது. முளைக்குத் தேவையான உணவு அதற்குள் இல்லை. ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்று 1899இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்ஸன் காட்டினார். இன்றைய ஆர்க்கிட் வணிகம் முழுவதும் அந்தக் கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்தது. எங்கள் தெருமுனை மின்கம்பத்தருகே நிற்கும் அங்சானாவில் போன ஆண்டு ஒரு சிறு புறா ஆர்க்கிட் தானாக முளைத்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் மாமரத்துச் செடியின் காய் வெடித்துக் காற்றில் போன கோடிக்கணக்கான தூசியில் ஒன்று அங்கே தனக்குரிய பூஞ்சையைச் சந்தித்திருக்கலாம். அப்படியென்றால் வெட்டப்பட்ட பெரட்டுக் களத்து மரத்தின் பேத்தி அது. நகராண்மைக் கழகத்து ஆட்கள் கிளை கழிக்க வந்தபோது நான் போய் நின்று அதைக் காட்டினேன். அவர்களில் ஒரு மலாய் இளைஞர் தம் பாட்டி வீட்டிலும் அது உண்டு என்று சொல்லி அந்தக் கிளையை விட்டுவிட்டார்.

நேற்று வியாழக்கிழமை மழை பெய்தது. மூன்று வாரம் காய்ந்து கிடந்த மண்ணின் மேல், மூன்றரை மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நிற்காமல் பெய்தது. 34இல் இருந்த வெப்பமானி 25க்கு இறங்கியது. எண்பத்து நான்கு வயதில் அம்மாவுக்கு நடை தளர்ந்துவிட்டது. பின்வாசல் வரைக்கும் நான் கைபிடித்து அழைத்து வந்தேன். முக்காலியில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, "மறு சனிக்கிழமை" என்றார். நான் ஈப்போ நண்பருக்குத் தொலைபேசி செய்து, மறு சனிக்கிழமை வரச் சொன்னேன். கண்காட்சியா, விருந்தா என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

நான் பேசி முடித்ததும் அம்மா கேட்டார்:

"எத்தன மணிக்கு வரச் சொன்ன?"

"பத்து மணிக்கும்மா."

"ஆறு மணிக்கு வரச் சொல்லு. வெயில் ஏறிட்டா வாசம் கொறஞ்சிரும்."

மறுபடியும் அழைத்து ஆறு மணி என்று சொல்லியிருக்கிறேன்.